எப்போதிலிருந்து

வாங்கிய பத்தொன்பதாம் நாள்
கத்திப்பாரா மேம்பாலத்தின் இரண்டாவது வளைவில்
மஞ்சளாய் எரிந்தது எஞ்சின் விளக்கு.
சத்தமில்லை, புகையில்லை, வண்டி பாட்டுக்கு ஓடியது.
என் உள்ளங்கைதான் ஸ்டியரிங்கில் வழுக்கியது.

ஸ்கேன் போட்டுப் பார்க்க மெக்கானிக் எண்ணூறு கேட்டார்,
ஒவ்வொரு தடவைக்கும்.
அதற்கு நாமே ஒன்று வாங்கிவிடலாம் என்று
சனிக்கிழமை ரிச்சி தெருவில்
குடையோடு குடை இடிபடும் சந்தொன்றில்
ஷம்சுதீன் கடைமுன் நின்றேன்.

கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார்.
முதலாவது நீலம், தீப்பெட்டி அளவு, ஐந்நூற்றைம்பது.
"ப்ளூடூத்து. போனோட பேசும். சில நாள் பேசாது.
ஒரே டப்பாதான் சார், நாலு பேர்ல வருது."
இரண்டாவதுக்கு வால் உண்டு, திரை உண்டு, ஆயிரத்து நானூறு.
"கோடு படிக்கும், அழிக்கும். அவ்ளோதான்."
மூன்றாவதும் பார்க்க அதேதான்,
பித்தான் இரண்டு கூடுதல், விலை இரண்டு மடங்கு.
இது எதற்கு என்றேன்.
"அது என்ன நோவுன்னு சொல்லும்.
இது எப்பலேருந்துன்னும் சொல்லும்."

எனக்கு இரண்டாவது போதும்.
பணத்தை எண்ணியும்விட்டேன்.
அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது,
கடைப்படி இறங்க முடியவில்லை.
பத்து நிமிடம் சும்மா நின்றதில்
மூன்றாவதை வாங்கிவிட்டேன்.

செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு
பதினாறு ஓட்டைச் சாக்கெட்டைத் துழாவிச் செருகினேன்.
பி, பூஜ்யம், நான்கு, இரண்டு, பூஜ்யம்.
கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.
முப்பதாயிரத்துக்குக் குறையாது.
சரி, பழைய வண்டி என்று
அம்புக்குறியை அழுத்தினேன்.
குறியீடு கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு
ஓடிய தூரம்: 334 கி.மீ.

பெட்ரோல் கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
என் வாசலில் சவரிநாதன் சாவி கொடுத்த காலை 68,410.
இப்போது 68,731.
கழித்தேன். பேனாவை மாற்றி மறுபடி கழித்தேன்.
பதின்மூன்று கிலோமீட்டர் இடித்தது.
மடிப்பாக்கத்தில் அவன் வாசலிலிருந்து
சாலிகிராமத்தில் என் வாசலுக்கு
வடபழனி வழியாக வந்தால்
பதின்மூன்று.

பதினோரு வருடம் பக்கத்து நாற்காலி.
அன்றைக்கு நாலு எலுமிச்சம்பழம் அவனே வாங்கிவந்து
சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான்,
"உங்க வீட்ல வழக்கம்ல" என்று.
சாறு அவன் செருப்பில் தெறிக்க
இரண்டு பேரும் சிரித்தோம்.

குறியீட்டை அழிக்கவா? கேட்டது திரை.
ஆம். இல்லை.
இப்படித்தான் அவனையும் கேட்டிருக்கும்,
விடியுமுன், முதுகு வளைந்து கிடந்தவனை.
மகளின் அட்மிஷன் பணத்துக்கு
அந்த வாரம்தான் கெடு என்பது எனக்குத் தெரியும்.
தெரிந்ததால் எதுவும் லேசாகவில்லை.
'இல்லை' அழுத்தினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்
நந்தனம் நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்தான்.
"ஏறு சவரி, விட்டுர்றேன்."
பெல்ட்டை மாட்டி நிமிர்ந்தவன்
விளக்கைப் பார்த்தான்.
பிறகு வைப்பரையே பார்த்தான்,
போய் வருவதை, போய் வருவதை.
"பழைய வண்டின்னா... ஏதாவது எரியும்."
"ம்" என்றேன்.
எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

சைதாப்பேட்டை வந்ததும்
"இங்கயே நிறுத்து, டிரெயின்ல போய்க்கிறேன்."
கொட்டும் மழையில் இறங்கி
ரொம்ப மெதுவாகச் சாத்தினான் கதவை.
அது சரியாக மூடவில்லை.
மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில்
சிவப்பாய் இன்னொன்று எரிந்தது.
பின்னால் ஹாரன்கள்.
அவன் இருந்த இருக்கைமேல் எட்டிச் சாய்ந்து
ஒருமுறை நன்றாகத் திறந்து
இழுத்துச் சாத்தினேன்.